பாலஸ்தீனத் திருச்சபைகளோடு கைகோர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலஸ்தீன மக்களுக்கு நம் சபை ஏதாவது செய்ய வேண்டும் என்று மிஷன் கமிட்டிகளில் பேச்சு எழுவது நல்லது. ஆனால் புதிதாக வருகிற திட்டங்களைப் பார்த்தால், முன்பிருந்த கமிட்டிகள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். கணக்கு எழுதுங்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் இவை.

புதிதாக ஒன்றைத் தொடங்குவது

அங்கே வேலை செய்ய ஆளில்லை என்ற நினைப்பிலிருந்துதான் இது வருகிறது. காசா நகரின் அல்-அஹ்லி மருத்துவமனை 1882-இல் சர்ச் மிஷனரி சங்கம் தொடங்கியது; இன்று எருசலேம் ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் நடத்துகிறது. பெத்லகேமில் காரித்தாஸ் குழந்தைகள் மருத்துவமனையும், 1973-இல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அகதிகளுக்கான மருத்துவ மையங்களை மத்தியகிழக்குத் திருச்சபைகள் மன்றம் நடத்துகிறது. லுத்தரன் திருச்சபைக்குப் பெத்லகேம், பெய்த் சாஹூர், ரமல்லா ஆகிய ஊர்களில் பள்ளிகள் உண்டு.

தமிழ்ச் சபைகளுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உலக லுத்தரன் பேரவையின் உறுப்பு. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கிறது. பேராயர் அலுவலகம் வழியாக ஒரு கடிதம் போனால் போதும். இணையத்தில் அறிமுகமான ஒரு தனிமனிதரின் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

பொருளுக்குத் தருவது, நடத்துவதற்குத் தராதது

இத்தனை ஆண்டுகளாகியும் இது மாறவில்லை என்பதுதான் எரிச்சல். நன்கொடை தரும் சபைக்குப் பொருள்மேல் ஆசை. ஆம்புலன்ஸ், ஸ்கேன் கருவி, வகுப்பறை என்றால் படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், ஸ்தோத்திரப் பண்டிகையில் சபையாருக்குக் காட்டலாம். நர்ஸ் சம்பளத்தையும் ஜெனரேட்டர் டீசலையும் அப்படிக் காட்ட முடியாது. அதனால் மருத்துவமனை டீசல் கேட்டால் சபை கருவி தருகிறது. கேட்டவர்கள் மறுத்துப் பேசத் தயங்கி நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள்.

உண்மையில் பணம் எங்கே ஓட்டையாகிறது என்று பாருங்கள். ஒலிவமலைமேல் உலக லுத்தரன் பேரவை நடத்தும் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை, புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் மேற்குக் கரை மக்கள் நம்பியிருக்கும் இடம்; 2023 போருக்கு முன் காசா மக்களும் அதை நம்பியிருந்தார்கள். நோயாளிகளை அங்கே அனுப்புவது பாலஸ்தீன அதிகாரசபையின் சுகாதார அமைச்சகம். கட்டணம் செலுத்த வேண்டியதும் அதுவே. அதிகாரசபையின் வருவாயில் பெரும்பங்கு, இஸ்ரேல் அதன் சார்பில் வசூலித்து மாதாமாதம் தர வேண்டிய வரிப்பணம். இஸ்ரேல் அதைப் பிடித்துவைத்தால் அமைச்சகத்திடம் காசில்லை. மருத்துவமனைக்குப் பில் நிலுவை ஏறுகிறது. மருந்துக் கம்பெனிக்கு மருத்துவமனை கடன்படுகிறது. கடைசியில் கீமோதெரபி மருந்து வருவது தடைபடுகிறது. 2018 செப்டம்பரில் கிழக்கு எருசலேம் மருத்துவமனைகளுக்கான 2.5 கோடி டாலர் உதவியை அமெரிக்கா வெட்டியபோது அடிவிழுந்ததும் இந்த நடப்புச் செலவின்மேல்தான். இந்த நிலையில் இன்னொரு கருவியை இறக்கினால், அதை ஓட்டும் செலவும் அவர்கள் தலையில் விழுகிறது.

கருவி என்றால் விலையோடு முடிவதில்லை. அங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவிலிருந்து பழைய கருவியை அனுப்பினால் மின்மாற்றி தேடி அலைய வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் பொதுவாகக் கருவி விலையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை ஆண்டுதோறும் விழுங்கும். அந்த ஒப்பந்தம் யாரோடு என்பதைப் பலர் கேட்பதே இல்லை. டெல் அவீவில் இருக்கும் முகவரின் இஸ்ரேலியப் பொறியாளர் பெத்லகேம், நாப்லஸ், ரமல்லா போன்ற, பாலஸ்தீன அதிகாரசபையின் பொறுப்பிலுள்ள ‘ஏ’ பகுதி நகரங்களுக்குள் நுழைய இஸ்ரேலியச் சட்டமே தடை செய்கிறது. கருவி பழுதானால் அப்படியே நிற்கும். மேற்குக் கரையில் ஆள் வைத்திருக்கும் முகவர் இல்லையென்றால் அந்த மாடலை வாங்கவே கூடாது. காசாவுக்கு என்றால் இன்னும் கடினம்: எக்ஸ்ரே கருவி, ஜெனரேட்டர், அவற்றின் உதிரிப்பாகங்கள்கூட இருவகைப் பயன்பாட்டுப் பொருள், அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடியது, என்று சொல்லப்பட்டு அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும்.

2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு அதிகாலையில், இஸ்ரேலியத் தாக்குதலில் அல்-அஹ்லியின் ஆய்வகமும் அவசரப் பிரிவும் அடிபட்டன. கருவிகள் போயின. மருத்துவமனையை மீண்டும் இயங்கவைத்தது அங்கே வேலை செய்யும் மனிதர்கள். அவர்களுக்குச் சம்பளம் போவதுதான் முதல் உதவி.

சரியான வரிசை இது. முதலில் நிறுவனத்தின் இந்த ஆண்டு பட்ஜெட்டையும் சென்ற ஆண்டு ஆடிட் அறிக்கையையும் கேளுங்கள். எந்தத் தலைப்பில் பணம் துண்டு விழுகிறது என்று நிதிப் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். உங்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்கையாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் நடப்புச் செலவுக்கு எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு வாக்குக் கொடுங்கள்; ஓராண்டு உதவியை நம்பி எந்தப் பள்ளியும் ஆசிரியரை வேலைக்கு எடுக்க முடியாது. காலாண்டுத் தொகையைக் காலாண்டின் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். வாக்கை ஷெக்கலில் (அங்கே புழங்கும் இஸ்ரேலிய நாணயம்) கொடுங்கள்: அங்கே அன்றாடச் செலவு பெரும்பாலும் ஷெக்கலில். 2025 தொடக்கத்தில் 3.6 ஷெக்கலுக்கு மேல் இருந்த டாலர், ஆண்டு முடிவில் 3.2 அளவுக்கு இறங்கியது. 10,000 டாலர் தருவதாகச் சொன்ன சபை ஏறக்குறைய 4,000 ஷெக்கலைத் தன்னையறியாமலே குறைத்துவிட்டது.

கருவிதான் தருவோம் என்று சபை பிடிவாதமாக இருந்தால், நிறுவுதல், ஊழியர் பயிற்சி, ஐந்தாண்டுப் பராமரிப்பு மூன்றையும் அதே காணிக்கையில் சேர்க்க வேண்டும்.

அறிக்கை விஷயத்திலும் கருணை வேண்டும். ஒவ்வொரு பங்காளிச் சபையும் தனித்தனிப் படிவம் கேட்டால் அங்கிருக்கும் ஒரே கணக்கருக்கு ஆண்டு முழுக்க அதுதான் வேலை. மற்றவர்களுக்கு எழுதும் அறிக்கையின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதி என்று கேட்காமல் கட்டடம்

மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காடு, முழுதும் இஸ்ரேலியக் கட்டுப்பாட்டிலுள்ள ‘சி’ பகுதி. அங்கே கட்ட இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனருக்கு அது கிடைப்பது மிக அரிது. அனுமதியில்லாத கட்டடம், தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு எதுவும் இடிக்கப்படலாம். நிலத்தின் வரைபடத்தையும் பத்திரத்தையும் உள்ளூர் வழக்கறிஞர் பார்த்த பிறகே பணம்.

“எப்போது கிறிஸ்தவர் ஆனீர்கள்?”

கேட்காதீர்கள். பெந்தெகொஸ்தே நாளில் அரபியரும் இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2:11 சொல்கிறது. அந்த மண்ணின் சபை நம்மை விட மூத்தது.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை

மேற்குக் கரையிலும் காசாவிலும் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். திருச்சபை மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பள்ளிகளிலும் இரு சமயப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். அந்த உறவுதான் சிறிய சபைக்குப் பாதுகாப்பு. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அறிக்கையில் ஒரு கட்டம் வைப்பது, அவர்கள் நூறாண்டுக்கு மேலாகக் காத்துவரும் நம்பிக்கையில் கல்லெறிவது.

நாட்காட்டி பார்க்காமல் பயணம்

கிறிஸ்தவ நிறுவனங்களில் பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. சனிக்கிழமை வேலை நாள். பெத்லகேமில் கிறிஸ்துமஸ் மூன்று முறை: டிசம்பர் 25, ஜனவரி 7, ஆர்மீனியருக்கு ஜனவரி 19. பல ஊர்களில் மேற்கத்திய சபையாரும் ஆர்த்தடாக்ஸ் தேதியிலேயே ஈஸ்டர் கொண்டாடுகிறார்கள். 2026-இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. ஒலிவ அறுவடை அக்டோபர், நவம்பர். கைகொடுக்க வேண்டுமானால் அப்போது போங்கள். கூட்டம் போட வேண்டுமானால் அப்போது போகாதீர்கள்.

பெத்லகேமில் இரண்டு மணி நேரம்

புனித நாட்டுப் பயணத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிறப்பிடத்து ஆலயம் பார்த்து, மீண்டும் பஸ் ஏறுவது சந்திப்பு ஆகாது. ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். ஞாயிறு ஆராதனை அரபியில் நடந்தாலும் உட்காருங்கள்.

குழந்தைகளின் படம்

பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒன்றுகூட வேண்டாம்.

2009-இன் கைரோஸ் ஆவணத்தைப் படிக்காமல் போவது

பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் உலகச் சபைகளிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே கமிட்டி முழுதும் படித்திருக்க வேண்டும்.

வங்கியில் அவசரம்

பாலஸ்தீன வங்கிக் கணக்கின் சர்வதேச எண் ‘பிஎஸ்’ என்று தொடங்கி 29 எழுத்து, எண்கள் கொண்டது. ஒன்று பிசகினாலும் பணம் திரும்பிவிடும். டாலர் பரிமாற்றம் அமெரிக்க இடைநிலை வங்கி வழியாகப் போவதால், பெறுபவரின் பதிவுப் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் “உதவி” என்று பொதுவாக எழுதினால் வங்கி நிறுத்திக் கேள்வி கேட்கும். “மருத்துவமனை நடப்புச் செலவு, ஒப்பந்த எண் இன்னது” என்று எழுதுங்கள். காசா பணிக்கான தொகையையும் எருசலேம் மறைமாவட்ட அலுவலகம் சொல்லும் கணக்குக்கே அனுப்புங்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது. முன் ஒப்புதல் வேண்டும். பணம் திரட்டத் தொடங்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.