படத்தில் இருப்பது எந்த ஆண்டு மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர்? கண்டறியும் முறை

மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரின் ரேஸ் வடிவமான ஜிடிஆர் கார்கள் மொத்தமே 28தான்: 1995இல் ஒன்பது, 1996இல் ஒன்பது, 1997இல் பத்து. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலும் படங்களுக்குக் கீழே ஆண்டு மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது. 1995ஆம் ஆண்டு டெக்கல்களை (ஒட்டுப் படங்களை) 1996 உடல் மீது ஒட்டிய ஸ்கேல் மாடல்களும் நிறைய உண்டு. பார்ப்பவர் கண் முதலில் வண்ணத்துக்குப் போகிறது. அங்கேதான் பிழை தொடங்குகிறது. இந்தக் காரின் ஆண்டைச் சொல்வது பெயிண்ட் அல்ல, உடலின் இரு முனைகள். மூக்கும் வாலும் ஏன் அந்த ஆண்டு அப்படி இருந்தன என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

வண்ணத்தை ஒதுக்கிவையுங்கள்

ஹாரட்ஸின் மஞ்சள் பச்சை கார் 1995இலும் ஓடியது, 1996இலும் ஓடியது. கல்ஃப் பெயர் மூன்று பருவங்களிலும் உண்டு. ஃபினா ஸ்பான்சர் செய்த பிஎம்டபிள்யூ கார்களை 1996இல் பிகாஸி அணி ஓட்டியது, 1997இல் ஷ்னிட்ஸர் அணி ஓட்டியது. ஆகவே "கல்ஃப் என்றால் இந்த ஆண்டு, ஃபினா என்றால் அந்த ஆண்டு" என்ற கணக்கு எடுபடாது. இளஞ்சிவப்பு லார்க் கார் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. 60, 61 எண்களோடு ஜப்பானின் ஜேஜிடிசி தொடரில் இருந்தால் அது 1996தான். அதையும் கீழே சொல்லும் உடல் சோதனையோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

சாலைக் காரா, ரேஸ் காரா

கார்டன் மர்ரி 1992இல் வெளியிட்ட எஃப்1, ரேஸுக்காக வடிவமைக்கப்பட்ட கார் அல்ல. ரே பெல்மும் தாமஸ் ப்ஷரும் வற்புறுத்தியதால்தான் பிபிஆர் ஜிடி என்ற பந்தயத் தொடருக்காக ஜிடிஆர் உருவானது. அதனால் 1995 கார் பார்வைக்குச் சாலைக் காரை அப்படியே ஒத்திருக்கும். பின்னால் பெரிய விங் இருக்கிறதே என்று உடனே ரேஸ் கார் என எழுதிவிடாதீர்கள். சில சாலைக் கார்களிலும் கூடுதல் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) கிட் என்ற பெயரில் விங் பொருத்தப்பட்டிருக்கிறது. எஃப்1 எல்எம் என்ற சிறப்புச் சாலைப் பதிப்பிலும் விங் உண்டு.

விங்கை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்:

- பின் சக்கரத்துக்கு முன்னால், பக்கவாட்டில்: சாலைக் காரில் இங்கே பெட்டி வைக்கும் அறை. ஜிடிஆரில் அந்த இடத்தில் பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுவழி திறந்திருக்கும்.
- கண்ணாடி வழியே உள்ளே: நடு இருக்கையைச் சுற்றி இரும்புக் கூண்டு தெரிந்தால் ஜிடிஆர். இருபுறமும் பின்தள்ளி இரண்டு பயணி இருக்கைகள் தெரிந்தால் சாலைக் கார், அல்லது பின்னாளில் சாலைக்கு மாற்றப்பட்ட ஜிடிஆர்.
- சக்கரம்: சாலைக் காரில் 17 அங்குலம், ஜிடிஆரில் 18 அங்குலம். டயரின் பக்கச்சுவர் மெல்லியதாகத் தெரியும்.

பப்பாளி ஆரஞ்சு நிறத்தில், நம்பர் பிளேட்டோடு, விங்கோடு நிற்பது பெரும்பாலும் எல்எம். 1995இல் பிரான்சின் 24 மணி நேர லெ மான்ஸ் பந்தயத்தை ஐந்து மெக்லாரன்கள் முடித்ததன் நினைவாக ஐந்து எல்எம் கார்கள் விற்கப்பட்டன. ஒரு முன்மாதிரி தனி.

குறிப்பு எழுதுபவர்கள் வழுக்கும் இன்னோர் இடம் இன்ஜின். பிஎம்டபிள்யூவின் பால் ரோஷே உருவாக்கிய வி12 சாலைக் காரில் 6064 சிசி, 627 குதிரைத்திறன். 1995 ஜிடிஆரில் அது சுமார் 600ஆகக் குறைந்தது. ரேஸ் கார் என்றால் அதிகமாகத்தானே இருக்கும் என்று நினைத்து 700 என்று போடுபவர்கள் உண்டு. விதிப்படி இன்ஜினின் காற்றுவாயில் ரிஸ்ட்ரிக்டர் என்ற குறுகிய வளையம் பொருத்த வேண்டியிருந்தது. அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் ஒரு துளி காற்றும் கூடுதலாக நுழையாது. இன்ஜினை எவ்வளவு சுழற்றினாலும் பயனில்லை. ரிஸ்ட்ரிக்டர் இல்லாத எல்எம்மில் அதே குடும்ப இன்ஜின் 680 தந்தது என்பதே இதற்குச் சான்று.

பக்கவாட்டில் அளந்து பாருங்கள்

இதுதான் மிக நம்பகமான சோதனை. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையிலான தூரம் எல்லா எஃப்1 கார்களிலும் ஒன்றே: 2718 மி.மீ. மூன்று ஆண்டுகளிலும் கார்பன் ஃபைபர் கூடு மாறவில்லை, அதனால் இந்தத் தூரமும் மாறவில்லை. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

1. நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் நீள்வட்டமாக இல்லாமல் வட்டமாகத் தெரிய வேண்டும்.
2. சக்கர மையங்களுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள்.
3. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை எண்ணுங்கள். விங் உடலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சேர்க்காதீர்கள்.
4. மூன்றாவதை இரண்டாவதால் வகுங்கள்.

சாலைக் காரின் நீளம் 4287 மி.மீ.; வகுத்தால் ஏறக்குறைய 1.58 வரும். 1997 உடல் அதைவிடச் சுமார் 640 மி.மீ. நீளம், விடை 1.8ஐ எட்டும். 1995, 1996 கார்கள் 1.8ஐ நெருங்கவே நெருங்காது. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் ஓரிரு பிக்சல் பிழை முடிவைப் பாதிக்காது. ஆனால் கார் சற்றுத் திரும்பியிருக்கும் படத்தில் அருகில் இருக்கும் முனை பெரிதாகி, குட்டைக் காரும் நீளமாகத் தோன்றும். அகலக் கோண லென்ஸில் இது இன்னும் மோசம். மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த படமே நல்லது.

1995ஐயும் 1996ஐயும் பிரிப்பது

இங்கேதான் உண்மையான சிக்கல். 1996இல் உடலின் முன், பின் முனைகள் நீட்டப்பட்டன. மூக்கின் கீழே ஸ்ப்ளிட்டர் என்ற தட்டையான உதடு இன்னும் முன்னே வந்தது. எடை 1050 கிலோவிலிருந்து 1012 கிலோவாக இறங்கியது. பேனல்களை விரைவாகக் கழற்றி மாட்டவும் வழி செய்தார்கள். பிட்டில் நொடிகள் மிச்சம். படத்தில் தேட வேண்டியது இந்த உதட்டைத்தான். 1995 காரில் அது பம்பரோடு ஒட்டிய மாதிரி இருக்கும். 1996இல் தட்டு நீட்டியது போல் முன்னே தள்ளி நிற்கும். முகப்புப் படத்தைவிட முக்கால் பக்கப் படத்தில் இது தெளிவு.

ஒரு எச்சரிக்கை. சில 1995 கார்கள் பின்னர் 1996 நிலைக்கு மேம்படுத்தப்பட்டன. ஆகவே உடலை மட்டும் வைத்து "இது 1996இல் கட்டிய கார்" என்று சொல்ல முடியாது; "1996 உடலோடு ஓடும் கார்" என்று சொல்லலாம். கட்டிய ஆண்டு வேண்டுமென்றால் சேசிஸ் எண்ணுக்குப் போங்கள்: 01ஆர் முதல் 09ஆர் வரை 1995, 10ஆர் முதல் 18ஆர் வரை 1996, 19ஆர் முதல் 28ஆர் வரை 1997.

1997: நீளவால் வந்த காரணம்

1996 லெ மான்ஸில் போர்ஷே 911 ஜிடி1 இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தது. மெக்லாரன்களில் முந்தியது நான்காவதாக வந்தது. போர்ஷே ரேஸ் காரை முதலில் வரைந்து, விதிக்காகச் சாலைக் காரைப் பிறகு செய்தது. மெக்லாரனின் வழி இதற்கு நேர் எதிர். சாலைக்காகப் பிறந்த உடலில் காற்று அழுத்தத்தை இனி அதிகம் பிழிய முடியாது. அடுத்த ஆண்டு பிபிஆருக்குப் பதிலாக எஃப்ஐஏ ஜிடி தொடர் வந்தது. அதில் மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆரும் இதே போர்ஷே வழியில் இறங்கியது.

மெக்லாரன் கூட்டைத் தொடாமல் இரு முனைகளையும் நீட்டியது. வால் நீண்டதால் அடியில் டிஃப்யூசருக்கு (காருக்கு அடியில் போகும் காற்றை விரித்து வெளியேற்றும் பகுதி) இடம் கிடைத்தது, விங்கும் பின் அச்சிலிருந்து தள்ளிப்போய் நெம்புகோல் போல அழுத்தம் கூடியது. நீளம் கூடியும் எடை குறைந்தது. இன்ஜின் நீடித்து உழைக்க 5990 சிசிக்குச் சுருக்கப்பட்டது. எச் வடிவ கியர் மாற்றத்துக்குப் பதில் எக்ஸ்ட்ராக்கின் ஆறு வேக சீக்வென்ஷியல் பெட்டி வந்தது. ஓட்டுநர் அறையின் உள்படம் கிடைத்தால் வலது பக்க கியர் கம்பியைப் பாருங்கள். எச் வடிவத்தில் நகர்ந்தால் 1995 அல்லது 1996, முன்னும் பின்னும் மட்டும் தட்டினால் 1997.

வெளியே, அளவை எடுக்க முடியாத படத்திலும் 1997 காரை எளிதில் பிடிக்கலாம். சக்கர வளைவுகள் அகன்று, அவற்றின் மேல் காற்று வெளியேறும் வெட்டுகள் இருக்கும். விங் உடலின் முழு அகலத்துக்கும் நீண்டிருக்கும்.

நீளவால் தெரிகிறது, ஆனால் விங் இல்லை என்றால் அது ஜிடிஆர் அல்ல, எஃப்1 ஜிடி. நீண்ட உடலை ரேஸில் அனுமதிக்க அதே உடலில் சாலைக் கார் வேண்டும் என்பது விதி. அதற்காக முன்மாதிரியோடு சேர்த்து மூன்றே மூன்று செய்தார்கள். மெக்லாரன் செய்தவற்றில் மிக அழகான உடல் இதுதான் என்பது எங்கள் எண்ணம். படம் கிடைத்தால் கவனமாகப் பெயரிடுங்கள்.

பந்தய முடிவோடு பொருத்துங்கள்

உடல் ஆண்டைத் தந்த பிறகு எண்ணும் வண்ணமும் உதவிக்கு வரும்.

59ஆம் எண், கருஞ்சாம்பல், உயெனோ கிளினிக் எழுத்து, ஈரமான தார்: 1995 லெ மான்ஸ், சேசிஸ் 01ஆர். யானிக் டால்மா, ஜே.ஜே. லேட்டோ, மசனோரி செகியா மூவரும் 298 சுற்றுகளில் வென்றார்கள். மழை மணிக்கணக்காகப் பெய்த அந்த இரவில் லேட்டோவின் வேகம்தான் பந்தயத்தைத் திருப்பியது. லெ மான்ஸை வென்ற முதல் ஜப்பானியர் செகியா. இந்தக் கார் மெக்லாரனின் சோதனைக் கார். கொகுசாய் கைஹாட்சு என்ற பெயரில் லான்சான்டே அணி ஓட்டியது. ஆண்டி வாலஸ், டெரெக் பெல், ஜஸ்டின் பெல் ஓட்டிய 51ஆம் எண் ஹாரட்ஸ் கார் ஞாயிறு வரை முன்னணியில் இருந்து, கிளட்ச் தொல்லையால் மூன்றாவதாக வந்தது. மெக்லாரன்களின் முழு வரிசை 1, 3, 4, 5, 13. "முதல் ஐந்து இடங்களும் மெக்லாரனுக்கே" என்று எழுதுவது தவறு. இரண்டாவதாக வந்தது மரியோ ஆன்ட்ரெட்டி ஓட்டிய கூராஜ் புரோட்டோடைப் (ரேஸுக்கென்றே செய்த கார்).

61ஆம் எண் இளஞ்சிவப்பு லார்க்: 1996 ஜேஜிடிசி பட்டம், டேவிட் பிராபம், ஜான் நீல்சன். அதே ஆண்டின் பிபிஆர் பட்டம் ரே பெல்முக்கும் ஜேம்ஸ் வீவருக்கும்.

41ஆம் எண், நீளவால், கல்ஃப் டேவிடாஃப்: 1997 லெ மான்ஸ். ரஃபனேல், கூனோன், ஓலோஃப்சன் ஓட்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம், ஜிடி1 பிரிவில் முதலிடம். வென்ற யோஸ்ட் அணியின் போர்ஷேக்கு ஒரே ஒரு சுற்று பின்னால்.

ஃபினா, நீளவால், எஃப்ஐஏ ஜிடி மைதானம்: 1997, ஷ்னிட்ஸர் அணி. லேட்டோவும் ஸ்டீவ் சோப்பரும் ஹாக்கன்ஹைமில் தொடரின் முதல் பந்தயத்தை வென்றார்கள். பட்டம் மெர்சிடிஸின் பெர்ன்ட் ஷ்னைடருக்குப் போனது.

நீளவாலைப் பார்த்ததும் 1997 என்று எழுதும் பழக்கத்துக்கும் ஒரு தடை உண்டு. 1998 லெ மான்ஸில் ஸ்டீவ் ஓ'ரூர்க், டிம் சக்டன், பில் ஆபர்லன் அதே 1997 உடலில் ஓடி நான்காவதாக வந்தார்கள். ஜப்பானில் 2000க்குப் பிறகும் ஜிடிஆர்கள் ஓடின. எனவே உடல் ஆண்டையும் பந்தய ஆண்டையும் தனித்தனியே எழுதுங்கள்: "1997 உடல், 1998 லெ மான்ஸ்" என்பது போல.

மிகவும் ஏமாற்றுவது அண்மைக்கால வண்ணப் படங்கள். பழைய கார்கள் கண்காட்சிக்காகவும் ஏலத்துக்காகவும் வேறு ஆண்டின் வண்ணத்துக்கு மீட்கப்படுகின்றன. சில சாலைப் பதிவோடு, பயணி இருக்கையோடு, சற்று உயர்த்திய உடலோடு வருகின்றன. டயர் புதிது, தார் பளபளப்பு, பின்னணியில் கைபேசியோடு கூட்டம் என்றால் எண்ணையும் ஸ்பான்சரையும் சான்றாக எடுக்காமல், சேசிஸ் எண் கிடைக்கும் வரை ஆண்டை வெற்றிடமாக விடுங்கள்.