குளம் வெட்டியாச்சு, குஞ்சு எத்தனை?

போன வாரம் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தம்பி தன் புதுக் குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். தென்னந்தோப்பு ஓரம், 10 சென்ட், கரையெல்லாம் அருமை. எத்தனை மீன்குஞ்சு விட்டிருக்கிறார் என்று கேட்டேன். "2,000 அண்ணா. பாதி செத்தாலும் 1,000 மிஞ்சுமே" என்றார். என் முதல் வருடம் நான் போட்டதும் இதே கணக்குதான். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

சுண்ணாம்பு போடுவது, களை எடுப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். புதிதாக இறங்குபவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அளவுக்கு மேல் குஞ்சு விடுவது

காற்றூட்டி (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாத மண் குளத்துக்குக் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகள் எல்லாம் சேர்த்தே ஏக்கருக்கு 4,000 விரலிதான் (விரல் நீளக் குஞ்சு) கணக்கு. அதாவது சென்டுக்கு 40. அந்தக் குளத்துக்கு 400 போதும்.

பகல் வெயிலில் நீரிலுள்ள பாசி ஆக்சிஜனைத் தரும். ராத்திரியில் அந்தப் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் மூச்சுக்குப் பஞ்சம் அதிகம். என் குளத்தில் மூன்று நாள் மந்தாரம் போட்டது. நாலாம் நாள் விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து கிடக்கிறது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டினேன். ஆனாலும் பெரிய மீன்கள்தான் முதலில் செத்தன. தப்பியவை பத்து மாதம் தவிடும் புண்ணாக்கும் தின்று 150 கிராமில் நின்றன. அரைக் கிலோவுக்குக் கீழே வேண்டாம் என்று வியாபாரி கூடையைத் தள்ளிவிட்டார். தீவனக் காசு கூடத் தேறவில்லை.

மலிவு என்று ஒரு அங்குலக் குஞ்சை வாங்கி, சாவுக்கும் சேர்த்துக் கூடுதலாக விடுவதில்தான் இது தொடங்குகிறது. மூன்று, நான்கு அங்குல விரலியாக வாங்குங்கள், எண்ணி விடுங்கள். கேரளப் பக்கம் மலம்புழா, தமிழ்நாட்டுப் பக்கம் ஆழியாறு, இரண்டிலும் அரசு மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது.

தம்பியிடம் 1,600 குஞ்சை இப்போதே பிடித்துப் பக்கத்துக் குளத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மனசில்லாமல் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை வலையோடு நானே போகிறேன்.

தீவனம்

மந்தாரமான நாளில் போடாதீர்கள்.

தண்ணீர்

ஆழியாற்று வாய்க்காலை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மே மாதத்திலும் நாலடி நிற்க வேண்டும்.

அவசரப்பட்டு விற்பது

கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், விசைப்படகு இழுவலைக்குத் தடை. மத்தியும் அயிலையும் விலை ஏறும் அந்த நாட்களில் உயிரோடு துள்ளும் குளத்து மீனைக் கேட்டு வீட்டுக்கே ஆள் வரும். ஆகஸ்டில் விட்ட விரலி அதற்குள் விற்கும் எடைக்கு வந்திருக்கும். ஏப்ரலில் வியாபாரி கேட்கிறார் என்று மொத்தமாக வலை போட்டுவிடாதீர்கள். ஜூனில் பெரிய மீனாகப் பார்த்து வாரம் ஒருமுறை பிடித்துக் கரையிலேயே விற்கிறேன், வியாபாரி தந்ததைவிடக் கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கிறது.