சர்வர் பக்கத்துக்கு எதை எடுப்பது? மொழியைக் கடைசியில் பாருங்கள்

வெப் அப்ளிகேஷனின் சர்வர் பக்கத்தை எந்த மொழியில் எழுதுவது? பிஎச்பி செத்துவிட்டதா, நோட் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்) போதுமா, கோ கற்றுக்கொள்ளலாமா என்று ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது. மொழியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு ரிக்வெஸ்ட் வந்ததும் உங்கள் சர்வர் எதில் நேரத்தைச் செலவழிக்கப் போகிறது? முதல் கேள்வி அதுதான்.

பெரும்பாலான வெப் அப்ளிகேஷன்கள் சும்மா காத்திருக்கின்றன: டேட்டாபேஸ் பதில் சொல்லட்டும், பேமெண்ட் கேட்வே பதில் சொல்லட்டும் என்று. இந்த மாதிரி வேலைக்கு பிஎச்பி, பைத்தான், ரூபி எல்லாமே தாராளமாகப் போதும். இண்டெக்ஸ் (சட்டென்று தேட உதவும் பட்டியல்) இல்லாத பெரிய டேபிளைத் துழாவும் குவெரியை, வேகத்துக்குப் பெயர்போன ரஸ்ட் மொழியிலிருந்து அனுப்பினாலும் அது மெதுவாகத்தான் வரும். சாட், லைவ் ஸ்கோர் என்று ஆயிரக்கணக்கான இணைப்புகள் திறந்தே கிடக்க வேண்டுமென்றால் கதை வேறு. அங்கே நோட், கோ, எலிக்சிர் மூன்றும் சுகம். ஆனால் நோட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது ஒரே த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் ஒரே வரிசையில்), அதனால் அதற்குள்ளேயே பெரிய கணக்கு எதையாவது போட்டால் அது முடியும்வரை மற்ற எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வேலையை ஒரு க்யூவில் (காத்திருக்கும் வேலைகளின் வரிசையில்) தள்ளி, தனி வொர்க்கரிடம் (பின்னணியில் ஓடும் வேறொரு புரோகிராமிடம்) கொடுங்கள். ஜாவாவைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் 2023-ல் வந்த ஜாவா 21-ஐ ஒருமுறை பார்க்கலாம். அதிலுள்ள விர்ச்சுவல் த்ரெட்கள் (ஆயிரக்கணக்கில் திறந்தாலும் பாரமாகாத லேசான த்ரெட்கள்) வந்தபிறகு, ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட் என்று நேராக எழுதியே நிறைய பேரைத் தாங்க முடிகிறது.

அடுத்து டேட்டாபேஸ். மொழியைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் புரோகிராம் கோடை மாற்றி எழுதிவிடலாம், பல வருட டேட்டாவை இடம் மாற்றுவது பெரிய தலைவலி. குறிப்பான காரணம் இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் எடுங்கள். ஸ்கீமா (டேட்டா எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற வரையறை) வேண்டாம் என்பதற்காகவே மோங்கோடிபி டேட்டாபேஸுக்குப் போனால் ஸ்கீமா எங்கும் போய்விடாது, கோடுக்குள் நாலு இடத்தில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஃபிரேம்வொர்க் (அப்ளிகேஷனுக்கான தயார் எலும்புக்கூடு) விஷயத்தில் நான் வயதானவர்கள் பக்கம். ரூபியின் ரெயில்ஸ் வந்தது 2004-ல், பைத்தானின் ஜாங்கோ 2005-ல், பிஎச்பியின் லாராவெல் 2011-ல். லாகின், மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றுவது), சிஎஸ்ஆர்எஃப் (லாகின் ஆன யூசரின் பெயரில் வேறு தளம் ரிக்வெஸ்ட் அனுப்பும் தாக்குதல்) பாதுகாப்பு போன்றவற்றுக்கு இவற்றில் வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். நோட்டின் எக்ஸ்பிரஸ் எடுத்தால் பலதையும் நீங்களே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். எதை எடுத்தாலும், அந்த வெர்ஷனுக்கு செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடுங்கள். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடியும் என்று பல வருடம் முன்பே சொல்லியும், கடைசி நேரத்தில் அலறியவர்கள் உண்டு.

கடைசியில் இரண்டு தேர்வுகள் போட்டியில் மிஞ்சினால் பெஞ்ச்மார்க் (வேக ஒப்பீட்டு அட்டவணை) படிக்காதீர்கள். உங்கள் ப்ராஜெக்டின் கஷ்டமான மூலையை இரண்டிலும் எழுதுங்கள்: லாகின், இரண்டு டேபிளை ஜாயின் செய்யும் ஒரு பக்கம், பின்னணியில் ஓடும் ஒரு ஜாப். டிப்ளாய் (நிஜ சர்வரில் ஏற்றுவது) வரை போங்கள். வேண்டுமென்றே எதையாவது உடைத்து, எரர் மெசேஜ் புரிகிறதா பாருங்கள். அப்புறம் உங்கள் டீமில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எண்ணுங்கள்; ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் லீவில் போகும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதிர்காலம்? 1995-ல் பிஎச்பி வந்த காலத்தில் எச்டிஎம்எல் சர்வரில்தான் தயாரானது. பிறகு எல்லாம் பிரவுசருக்குப் போனது. இப்போது பிரவுசர் பக்க லைப்ரரியான ரியாக்டின் சர்வர் காம்பொனென்ட்டும் (சர்வரிலேயே தயாராகும் பக்கத் துண்டுகள்), எச்டிஎம்எக்ஸும் (சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லைப் பக்கத்தில் பொருத்தும் சிறு லைப்ரரி) மறுபடி சர்வரிடமே வந்து நிற்கின்றன. இந்த ஊஞ்சல் எந்தப் பக்கம் போனாலும் எச்டிடிபியும் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

2014-ல் அமேசானின் லாம்டா வந்ததிலிருந்து சர்வர்லெஸ் (சர்வரை நீங்களே நடத்தாமல், தேவைப்படும்போது மட்டும் உங்கள் ஃபங்க்ஷன் ஓடும் முறை) பிரபலம். எப்போதாவது வரும் டிராஃபிக்குக்கு நல்லதுதான், ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு ஃபங்க்ஷனும் தனித்தனி டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்போ 100. நடுவில் ஒரு கனெக்‌ஷன் பூலரை (சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுப்பது) வைக்காமல் லைவுக்குப் போகாதீர்கள். வெப்அசெம்பிளியை (பல மொழிகளில் எழுதியதை பிரவுசரில் ஓட்ட வந்த பைனரி வடிவம்) சர்வரில் ஓட்டும் முயற்சிகள் சுவாரசியமானவை, ஓய்வு நேரத்தில் நோண்டுங்கள், சம்பளம் கொடுக்கும் ப்ராடக்டை இப்போதைக்கு அதன்மேல் ஏற்ற வேண்டாம். ஏஐ எழுதித் தரும் புரோகிராம் கோடை நம்பி இறங்குகிறீர்கள் என்றால் டைப்ஸ்கிரிப்ட், கோ மாதிரி டைப் சரிபார்க்கும் மொழி கை கொடுக்கும்: தப்பான ஃபீல்ட் பெயரை, தப்பான டைப்பை ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் பிடித்துவிடும். ஒரு யூசர் இன்னொருவருடைய ஆர்டரைப் பார்க்க முடிகிறதா என்பதை மட்டும் எந்தக் கம்பைலரும் சொல்லாது, அதற்கு நீங்களே டெஸ்ட் எழுத வேண்டும்.