அறுபதைத் தொட்ட பாட்டு ரசிகர்கள் கச்சேரியில் செய்யும் தவறுகள்

மே மாதக் கோடை விழாவுக்காக ஒரு முறை அக்காள் மகனோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு நல்ல சளி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது இரண்டு காதுகளும் அடைத்திருந்தன. எனக்கு அது தெரியவில்லை. மேடைக்கு எதிரே மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்ததுமே குறை சொல்லத் தொடங்கிவிட்டேன். பாடுகிற பெண் சொற்களை விழுங்குகிறாள். தபலாவில் இடக்கை மட்டும் கேட்கிறது, வலக்கையைக் காணோம். மைக் செட்காரருக்குக் காது என்று ஒன்று உண்டா இல்லையா. மூன்று பாட்டு முடியும்வரை இதே புலம்பல்.

"மாமா, ஒரு கொட்டாவி விடுங்கள்" என்றான் அவன்.

"எனக்குத் தூக்கம் வரவில்லையே!"

"விட்டுத்தான் பாருங்களேன்."

விட்டேன். வலது காதில் டப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி அந்தப் பெண்ணின் ழகரம், தபலாவின் விளிம்பில் விழுந்த விரல், கீபோர்டில் பின்னால் இழைந்துகொண்டிருந்த குழலோசை எல்லாம் ஒன்றாக வந்து கொட்டின. அதுவரை நான் திட்டிக்கொண்டிருந்தது என் மூக்கடைப்பை. அவன் சிரிக்கவில்லை; நாகரிகமாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அதிகம் உறைத்தது.

நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நேரில் கச்சேரிக்குப் போகும்போது செய்கிற தவறுகளை இங்கே எழுதுகிறேன். ஒன்றைக்கூட வெளியில் போய்ச் சேகரிக்க வேண்டியிருக்கவில்லை.

காதின் குறையைப் பாட்டின் தலையில் கட்டுவது

மலையேற்றத்தில் அடைத்த காது கொட்டாவியில் திறந்துவிடும். வயதால் மங்கும் காது அப்படித் திறக்காது. உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் தேய்ந்து போனால் மறுபடி முளைப்பதில்லை. அதிலும் உச்ச ஒலிகளை வாங்குகிறவைதான் முதலில் போகும். ச, ஸ, த போன்ற மெய்களின் கூர்மை அந்த மேல் ஒலிகளில் இருக்கிறது. உயிரெழுத்தின் கனம் கீழே இருக்கிறது. ஆகவே குரல் நன்றாகக் கேட்கும், சொல் மட்டும் பிடிபடாது. நாலு வாத்தியம் சேர்ந்தால் இன்னும் மோசம்.

"இப்போதைய பாட்டில் ஒரு சொல்லாவது புரிகிறதா?" என்று கேட்கிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீங்கள் கேட்டே இராத ஒரு பழைய படத்துப் பாட்டை, அதே ஸ்பீக்கரில், அதே சத்தத்தில் வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன். அனுபல்லவியில் பாதி போய்விட்டது. பழைய பாட்டின் சொற்கள் தெளிவாக இருப்பதாக நாம் நம்புவதற்குப் பெரிய காரணம், அவை நமக்கு மனப்பாடம் என்பது. காது விட்டதை மூளை நிரப்பிக்கொள்கிறது. புதுப் பாட்டுக்கு நிரப்ப அதனிடம் சரக்கு இல்லை.

இக்காலப் பதிவுகளில் குரலை வாத்தியங்களுக்குள் புதைத்துவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு; அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்ச் செவித்திறனை ஒரு முறை அளந்துகொண்டு, பிறகு வழக்குப் போடலாம்.

கேசட்டையும் இந்த வெள்ளிக்கிழமையையும் ஒப்பிடுவது

1980-களில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெற்று கேசட்டையும் ஒரு தாளில் எழுதிய பட்டியலையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்; மூன்று நாளோ ஒரு வாரமோ கழித்துக் கிடைக்கும். 60 நிமிட கேசட்டில் சுமார் 12 பாட்டுகள் அடங்கும். பட்டியலில் நாற்பது எழுதி, இருபதை அடித்து, இன்னும் எட்டை மனசில்லாமல் அடித்துப் பன்னிரண்டுக்குக் கொண்டுவருவோம். கடைக்காரர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பி பக்கத்தில் மூன்று நிமிடம் மிஞ்சும், சின்னப் பாட்டாக ஒன்று சொல்லுங்கள்" என்பார். அந்த மூன்று நிமிடத்துக்காக ராத்திரி முழுக்க யோசித்தவர்கள் உண்டு.

நம் நினைவில் இருப்பது அந்த கேசட்தான். அந்தக் காலத்திலும் ஆண்டுக்கு நூறு படங்களுக்கு மேல் வந்தன. படத்துக்கு ஐந்து பாட்டு என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஐந்நூறு. அதில் நாம் அடித்துத் தள்ளியவை எங்கே? பல பாட்டுகளின் முதல் வரிகூட இப்போது நமக்கு வராது. இப்படிச் சலித்து எடுத்த பன்னிரண்டை மடியில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வெளியான, இன்னும் யாரும் சலிக்காத பாட்டோடு மல்லுக்கு நிறுத்துகிறோம். எந்தக் காலமும் இந்தப் போட்டியில் தோற்கத்தான் செய்யும்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. அப்பாவுக்கு ஜி. ராமநாதன்தான் கடைசி இசையமைப்பாளர். 1950-இல் 'மந்திரி குமாரி'யை எடுத்தது எங்கள் ஊரான சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், இசை ஜி. ராமநாதன் என்பதில் அவருக்கு அந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர் போன்ற பெருமை. (ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்று மிச்சம் நிற்கிறது.) விஸ்வநாதன் ராமமூர்த்தியை அவர் ஏற்கவே இல்லை. "மெல்லிசை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், இதில் எலும்பு எங்கே இருக்கும்?" என்பார். 1976-இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபோது எனக்கு 13 வயது. "களை பறிக்கிற பாட்டையெல்லாம் ரேடியோவில் போடுகிறார்கள்" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

1992-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ரோஜா'. அப்போது நான் என்ன சொன்னேன்? "கம்ப்யூட்டர் போடுகிற பாட்டு" என்றேன். 19 வயதுத் தம்பி கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தான். அதே தம்பி இப்போது தன் மகனிடம் அனிருத்தைப் பற்றி, "ஒரே இரைச்சல், இதில் இசை எங்கே இருக்கிறது?" என்கிறான். போன பொங்கலுக்கு அதைக் கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. எங்கள் வீட்டில் இசைக்கு மூன்று முறை சாவு அறிவித்தாகிவிட்டது. அறிவித்தவர்கள் எல்லோரும் அப்போது பதினேழு வயதைத் தாண்டியிருந்தார்கள்.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் அடர்த்தியாக நினைவில் நிற்கின்றன என்று உளவியலில் ஒரு முடிவு உண்டு. பாட்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நாம் "தரம்" என்று அடித்துச் சொல்வதில் நம் பதினேழாவது வயது எத்தனை பங்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மேடையில் ரெக்கார்டைத் தேடுவது

எழுபதைத் தாண்டிய பாடகர் தன் பழைய பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பாடினால் பின்வரிசையில் உச்சுக் கொட்டல் எழுகிறது. குரல் நாணும் தசையும் சவ்வும்தான். அதற்கும் வயது உண்டு. இறக்கிய சுருதியில் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எட்டாத இடத்தை எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கவனித்தால், ரெக்கார்டில் இல்லாத ஒரு பாட்டு கிடைக்கும். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுகிற நமக்கு இது புரியாமல் போனால் வேறு யாருக்குப் புரியும்?

தெருத் திருவிழாவில் பாடும் குழுக்கள் மேல் காட்டும் இளக்காரம் இன்னும் மோசம். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கும் மற்ற மாரியம்மன்களுக்கும் ஒரே நேரத்தில் விழா. ஊரில் நாலு தெருவுக்கு ஒரு மேடை. ஸ்டுடியோவில் முப்பது வயலின் வாசித்த இடத்தை ஒரே கீபோர்டுக்காரர் இரண்டு கையால் ஒப்பேற்றுகிறார். போன ஆடியில் ஒரு மேடைக்கு வேண்டுமென்றே அபூர்வமான ஒரு பாட்டை எழுதிச் சீட்டு அனுப்பினேன். அவர்களுக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லட்டும் என்கிற எண்ணம்தான், மறைப்பானேன். பாடகி சீட்டைப் பார்த்தாள், கீபோர்டுக்காரரிடம் காட்டினாள், அவர் தலையசைத்தார். இடையிசையில் இரண்டு இடம் தப்பியது. சரணத்தில் எனக்கே மறந்திருந்த வரியை அவள் தாளைப் பார்க்காமல் பாடினாள். எழுந்து போய்த் தட்டுவடை செட் வாங்குகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னொன்று: நேரம். விடியவிடியக் கச்சேரி கேட்ட பழக்கத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் போகாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. மாநில அரசு விழாக்காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவுவரை தளர்த்தலாம். இப்போது நல்ல பாட்டுகள் ஏழரைக்கே வந்துவிடுகின்றன.

ராகத்தைக் கண்டுபிடித்து அறிவிப்பது

"மோகனம்!" என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. அவருக்குத்தான் பாட்டு போய்விடுகிறது. கேட்டால் மட்டும் சொல்வது நலம்.

கர்நாடக இசைச் சபைகளிலும் இதே பெரியவர்கள் உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போவார்கள். ஒன்றரை மணி நேரம் அடுத்தவருக்கு வாசித்த மிருதங்கக்காரர் தனக்கென்று வாசிக்கும் நேரம் அது ஒன்றுதான். கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்து, "மரபு கெட்டுவிட்டது" என்று பேசுவதும் இவர்களே. மரபு என்பது எது? வயலின் மேல்நாட்டு வாத்தியம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றவர்களால் நம் இசைக்குள் வந்தது. இன்று அது இல்லாமல் கச்சேரி ஏது? இன்றைய கச்சேரி முறைக்கே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் உருவம் கொடுத்து நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆகிறது. ஆர்மோனியத்தை 1940-இல் ஒதுக்கிய அகில இந்திய வானொலி, 1971-இல் தளர்த்திக்கொண்டது. மின்சார மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு சிறுவன் உ. ஸ்ரீநிவாஸ் வந்தபோது முகம் சுளித்தவர்கள், கொஞ்ச காலத்தில் அவருக்கு முதல் வரிசையில் உட்கார இடம் தேடினார்கள்.

உடம்பை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக நினைப்பது

பெரிய மைதானக் கச்சேரிகளுக்கு இது. மலிவான டிக்கெட்டுகளில் பல நின்று பார்க்கிற பகுதிக்கு; வாங்கும்முன் வரைபடத்தைப் பாருங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உட்காராதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் அன்று இரவே ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மைதானத்தை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு முறை நான் ரயிலின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கேளிக்கை அரங்குகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த உச்சவரம்பும், 15 நிமிடச் சராசரியாக, அதே 100 டெசிபல். மேடைக்கு அருகில் இதை மிஞ்சுவது எளிது. பஞ்சு உருண்டை பெரிதாகத் தடுக்காது. நுரையால் செய்த காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டால் பாட்டு கெடும் என்று நினைத்தேன். இரைச்சல் அடங்கி, சொல் கொஞ்சம் கூடவே புரிந்தது.

இளைஞராக நடிப்பது

எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதும் இல்லை. பதிவான குரலை ஓடவிட்டுவிட்டு மேடையில் வாயசைப்பதை நான் கச்சேரியாக ஏற்பதில்லை. என் காசு, என் பிடிவாதம். ஆனால் அதைக் கச்சேரி முடிந்த பிறகு, கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். தெரியாத பாட்டுக்குக் கைதூக்கி ஆடுகிற பெரியவரைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பேசாமல் உட்கார்ந்து கேட்கிறவரை அவர்கள் தொந்தரவு செய்வதில்லை.

போன வாரம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் காதடைப்பான் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் செல்போனை விட்டுக் கண்ணெடுக்காமல், "தூக்கத்துக்கா, சார்?" என்றான்.

"கச்சேரிக்கு. தம்பி மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறான்."

"யார் கச்சேரி?"

சொன்னேன். செல்போனைக் கீழே வைத்துவிட்டான்.

"டிக்கெட் கிடைத்துவிட்டதா? நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து முயற்சி செய்தோம் சார், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. எந்தப் பகுதி?"

"நிற்கிற பகுதிதான் கிடைத்ததாம்" என்றேன்.

என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "முழங்கால் பட்டை ஒரு ஜோடி எடுத்துவா" என்று குரல் கொடுத்தான்.