டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று சொல்லிவிட்டார்களா? புற்றுநோய் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்

தலை வாரக் கை தூக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, கூடவே மேலிமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளின் மேல் தடிப்பு. தசையையும் தோலையும் சேர்த்துத் தாக்கும் இந்த அழற்சிதான் டெர்மட்டோமயோசைட்டிஸ். மாநிறத் தோலில் அந்த ஊதா வெறும் கருமையாகத்தான் தெரியும், அதனால் 'வெயில் அலர்ஜி' என்று களிம்பிலேயே பல மாதம் ஓடிவிடும்.

பெரியவர்களுக்கு இது வந்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு உள்ளே ஒரு புற்றுநோயும் இருக்கலாம். கட்டியில் உருமாறிய புரதத்தைத் தாக்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு மண்டலம், அதே புரதம் தசையிலும் இருப்பதால் அங்கேயும் பாய்கிறது என்பது ஒரு விளக்கம். நான்கு பேர் தப்பிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் உங்கள் ஆபத்து எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி இரண்டு காரணிகள் சேர்ந்தாலே மேல்படி, அதாவது அதிக ஆபத்து. டெர்மட்டோமயோசைட்டிஸ் என்பதே ஒன்று, 40 வயதுக்கு மேல் வந்தது என்பது இன்னொன்று, ஆக 45 வயதுக்காரர் வேறெதுவும் இல்லாமலே அங்கே போய்விடுகிறார். விழுங்கச் சிரமம், தோல் அழுகிப் புண்ணாவது, மருந்துக்கு அடங்காத நோய், ரத்தத்தில் டிஐஎஃப்1-காமா அல்லது என்எக்ஸ்பி-2 எதிர்ப்பொருள் (உடலின் சொந்தப் புரதத்தையே தாக்கும் ஆன்டிபாடி), இவையும் கணக்கில் சேரும். இந்த எதிர்ப்பொருள்களைப் பார்க்க 'மயோசைட்டிஸ் பேனல்' என்ற ரத்தச் சோதனையைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் சோதனைகள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் அடிப்படை, அத்தோடு நின்றுவிடக் கூடாது. மேல்படியில் இருப்பவர்களுக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிடி ஸ்கேன் வேண்டும், மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்க வேண்டும், பெண்களுக்கு மேமோகிராம், கர்ப்பப்பை வாய்ச் சோதனை, சூலகத்துக்காக சிஏ-125 ரத்தச் சோதனையும் இடுப்பு அல்ட்ராசவுண்டும், ஆண்களுக்கு புரோஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனை. இவற்றில் எதுவும் சிக்காவிட்டால் உணவுப்பாதைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, உடல் முழுக்கப் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். தென்சீனா, மலேசியா, சிங்கப்பூர் பக்கம் மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் அதிகம், அங்கே இருப்பவர்கள் மூக்கு வழி எண்டோஸ்கோபியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்ததும் பைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம், அங்கேதான் தப்பு. முதல் வருடம்தான் ஆபத்து உச்சம், அப்புறம் குறைந்துகொண்டே போகும். அதனால் மேல்படிக்காரர்கள் அடிப்படைச் சோதனைகளை மூன்று வருடம் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நடுவில் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, அடங்கிய தடிப்பு, நோயை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிடும்போதே திரும்பி வந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

சோதனை முடியட்டும் என்று ஸ்டீராய்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். குழந்தைகளுக்கு வரும் இதே நோயில் புற்றுநோய்த் தொடர்பு மிக அரிது, வழக்கமாக இந்தச் சோதனைகள் தேவைப்படாது.