இத்தாலியில் மொட்டைமாடி மதுக்கூடம் (பார்): முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

இத்தாலிய நகரங்களில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் எட்டு மணிவாக்கில்தான் தொடங்கும். ஆறு மணியிலிருந்து அதுவரை ஒரு கிளாஸ் பானமும் ஒரு கிண்ணம் ஆலிவுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இதுதான் அபெரிட்டிவோ. தெருவோரக் கடையில் ஐந்து முதல் எட்டு யூரோவுக்குக் கிடைக்கும் ஸ்ப்ரிட்ஸ் என்ற மதுக்கலவை, ஹோட்டல் மொட்டைமாடிக்கு ஏறியதும் பெரும்பாலும் 15 முதல் 25 யூரோ ஆகிவிடுகிறது. பானம் அதேதான். கூடுதல் பணம் எதிரே தெரியும் காட்சிக்கு. எனவே ‘நல்ல பார் எது?’ என்று தேடத் தொடங்காதீர்கள். காட்சி, நேரம், இடம், பானம் என்ற வரிசையில் முடிவெடுங்கள். மது குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். அவர்களுக்கானதைப் படி 6-இல் சொல்கிறேன்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

இத்தாலியின் பழைய நகர்ப்பகுதிகளில் வானளாவிய கட்டடங்கள் அநேகமாக இல்லை. ஐந்தாறு மாடி ஏறினாலே ஊர் முழுவதும் காலடியில் விரிந்துவிடும். ரோமில் குவிமாடங்கள், மிலானில் துவோமோ பேராலயத்தின் ஊசிக் கோபுரங்கள், வெனிஸில் தண்ணீர், புளோரன்ஸில் ஒரே ஒரு குவிமாடம்.

முதன்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை புளோரன்ஸ். ரோமில் மாடி ஏறினால் ஏழெட்டுக் குவிமாடங்கள் தெரியும். எது எந்தத் தேவாலயம் என்று கைப்பேசி வரைபடத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே சூரியன் மறைந்துவிடும். புளோரன்ஸில் அந்தக் குழப்பமே இல்லை. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி கட்டி 1436-இல் முடித்த செங்கல் குவிமாடம் எந்த மாடியிலிருந்து பார்த்தாலும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிவப்பு ஓடுகளைப் பிரித்துக்கொண்டு எட்டு வெள்ளைப் பளிங்கு விலாக்கள் மேலே ஏறுகின்றன. அவற்றுக்குக் கீழே, குவிமாடம் தொடங்கும் இடத்தைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறது. எட்டுப் பக்கங்களில் தென்கிழக்குப் பக்கத்தில் மட்டும் அந்தப் பட்டையில் அழகான பளிங்கு மாடம் இருக்கும். மற்ற ஏழும் பூசாத சுவர்தான். மைக்கேலாஞ்சலோ அந்த மாடத்தைப் பார்த்து ‘சிள்வண்டுக் கூண்டு’ என்று கிண்டலடித்ததாகவும் அதோடு வேலை நின்றுபோனதாகவும் சொல்வார்கள். தரையிலிருந்து இதைக் கவனிப்பவர் குறைவு.

படி 2: சூரியன் எங்கே மறைகிறது?

பலரும் தவறவிடுவது இதைத்தான். ‘மாலையில் போங்கள்’ என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. எந்தத் திசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்று சொல்வதில்லை.

மிலான் துவோமோவின் முகப்பு மேற்கு பார்த்தது. கட்டியிருப்பது காந்தோலியா என்ற ஊரின் பளிங்கால்; வெண்மையில் இளஞ்சிவப்பு கலந்த கல் அது. மாலை வெயில் நேராக விழும்போது முகப்பு முழுவதும் அந்தச் சிவப்பு மேலெழும்பி வரும். அங்கே மாலைதான் சரி. ரோமில் புனித பேதுரு பேராலயம் ஊரின் மேற்கே இருக்கிறது. ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கத்து மாடிகளிலிருந்து பார்த்தால் மாலையில் அந்தக் குவிமாடம் கறுப்பு நிழலுருவாகத்தான் தெரியும். அது தனி அழகு. ஆனால் கல்லின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் காலையில்தான் பார்க்க வேண்டும். கொலோசியத்துக்குக் கிழக்கே உள்ள மாடிகளுக்கும் இதே கணக்கு.

நேரமும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ரோமில் ஜூன் இறுதியில் சூரியன் மறைய ஏறக்குறைய 8.50 ஆகும், அக்டோபர் நடுவில் 6.30, டிசம்பரில் 4.40-க்கே முடிந்துவிடும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னதாகப் போய், மறைந்து அரை மணி கழித்து எழுந்திருங்கள். ஆரஞ்சு வானத்தைப் படம் பிடித்த கையோடு பாதிக் கூட்டம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வானம் கருநீலமாகி, கட்டடங்களில் விளக்கு ஏறும் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் நான் போகிறேன்.

இன்னொன்று: நவம்பர், டிசம்பரில் ரோமில் இருந்தால் அந்தி நேரத்தை விட்டுவிடாதீர்கள். மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் வானத்தில் சுருண்டு விரியும். மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வித்தை. கீழே மரத்தடியில் நடக்கிறவர்கள் குடை பிடித்துக்கொள்கிறார்கள். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

படி 3: ஹோட்டலா, மற்ற இடமா?

மொட்டைமாடி என்றாலே ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று நினைக்க வேண்டாம். நூலகம், அருங்காட்சியகம், துணிக்கடை ஆகியவற்றின் மாடிகளே பல நேரங்களில் மேலான காட்சியைத் தருகின்றன, அதுவும் குறைந்த செலவில்.

புளோரன்ஸில் ஒப்லாத்தே என்ற பொது நூலகம் இருக்கிறது. முன்பு கன்னியர் மடமாக இருந்த கட்டடம். அதன் மாடிக் காபிக்கடையிலிருந்து குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். கிழக்குப் பக்கம் இருப்பதால் காலையில் குவிமாடத்தின் மேல் வெயில் விழும். மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். சாந்திஸ்ஸிமா அனுன்சியாத்தா சதுக்கத்தில் உள்ள ‘இன்னொசெந்தி’ அனாதைக் குழந்தைகள் இல்லமும் புருனெலெஸ்கி வடிவமைத்ததுதான். அங்கே ஒரு காலத்தில் துணி உலர்த்திய மேல்மாடத்தில் இப்போது கஃபே தெல் வெரோனே நடக்கிறது.

மிலானில் ரினாசென்தே பல்பொருள் அங்காடியின் ஏழாவது மாடியில் உட்கார்ந்தால் துவோமோவின் ஊசிக் கோபுரங்கள் பக்கத்து வீட்டுச் சுவர் போல நெருக்கத்தில் இருக்கும். அதே நிறுவனத்தின் ரோம் கடை, 2017-இல் திறந்தது, வியா தெல் திரித்தோனேயில் இருக்கிறது. மாடிக்குப் போகும் முன் அடித்தளத்துக்கு இறங்குங்கள். பழைய ரோமானிய நீர்வழியின் வளைவுகளைக் கண்ணெதிரே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ரோமிலேயே உள்ள காப்பித்தோலினே அருங்காட்சியகத்தின் கஃபரெல்லி மாடிக்கு அருங்காட்சியக டிக்கெட் இல்லாமலே போகலாம்.

வெனிஸில் ஜூதெக்கா தீவின் மோலினோ ஸ்டக்கி, பழைய மாவு மில். இப்போது ஹோட்டல்; மேலே ஸ்கைலைன் பார். விலை அதிகம்தான், ஆனால் வெனிஸை வெனிஸுக்கு வெளியே நின்று பார்க்கும் இடம் என்பதால் ஒருமுறை கொடுக்கலாம்.

படி 4: முன்பதிவு

வெள்ளி, சனி மாலைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் சீக்கிரம் போனால் போதும். குறைந்தபட்சச் செலவு என்று ஏதும் நிபந்தனை இருக்கிறதா என்று படித்துக்கொள்ளுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் மாடியை மூடிவிடுவார்கள். அன்று காலையே கேட்டுக்கொள்வது நல்லது.

படி 5: உள்ளே நுழைவது

ஹோட்டல் வரவேற்பறையில் ‘புவொனாசேரா’ என்று வணக்கம் சொல்லி, ‘தெர்ராட்ஸா’ (மொட்டைமாடி) என்றால் லிஃப்டைக் காட்டுவார்கள். அங்கே தங்கவில்லையே என்று தயங்க வேண்டாம். கோட்டு, டை தேவையில்லை. கடற்கரைச் செருப்பும் அரைக்கால் சட்டையும் மட்டும் வேண்டாம். கோடையிலும் ஒரு சால்வை எடுத்துப் போங்கள், மேலே காற்று வேறு. காலி மேசையைக் கண்டதும் போய் உட்கார்ந்துவிடாமல் பணியாளர் அழைத்துச் செல்லும்வரை நில்லுங்கள். கைப்பிடிச் சுவரோர மேசை வேண்டுமானால் உட்காரும் முன்பே கேளுங்கள்.

படி 6: என்ன சொல்வது?

ஸ்ப்ரிட்ஸ் எளிது: மூன்று பங்கு புரோசெக்கோ (நுரைக்கும் வெள்ளை ஒயின்), இரண்டு பங்கு அபெரோல் (ஆரஞ்சு நிறக் கசப்பு மது), ஒரு பங்கு சோடா. அபெரோலில் ஆல்கஹால் 11 சதவீதம்தான். வெனிஸில் அபெரோலுக்குப் பதில் உள்ளூர் ‘செலெக்ட்’ ஊற்றி, ஒரு பச்சை ஆலிவ் போட்டுத் தருவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், இனிப்பு குறைவு. நெக்ரோனி என்ற காக்டெயில் புளோரன்ஸில் பிறந்தது என்பார்கள். ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் சம பங்கு, சோடா கிடையாது. பழக்கமில்லாதவர்கள் வெறும் வயிற்றில் தொட வேண்டாம்.

மது வேண்டாம் என்றால் ‘அனல்கோலிக்கோ’ என்று கேளுங்கள். ஆரஞ்சு நிறக் குரோதினோ, சிவப்பு சான்பிட்டெர் இரண்டும் மது இல்லாதவை. கசப்பும் இனிப்புமாக ஐஸோடு வரும். எதிர் மேசைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

கூடவே வரும் கொறிப்பான்களில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொரித்த உருண்டையாக ஆலிவ் வந்தால் அது ‘ஒலிவே அஸ்கொலானே’. உள்ளே இறைச்சி அடைத்திருக்கும். சாதாரண ஆலிவ், சிப்ஸ் இரண்டிலும் பொதுவாகப் பயமில்லை; முறுக்கிய வளையம்போன்ற தராலியில் சில ஊர்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ‘சோனோ வெஜெத்தாரியானோ’, பெண்ணானால் ‘வெஜெத்தாரியானா’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: பில்

ஒரே பானத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பொதுவாக யாரும் முறைக்க மாட்டார்கள். நீங்கள் கேட்காமல் பில்லும் வராது. கேட்காமல் கொண்டுவருவது எழுந்து போ என்று சொல்வதாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’ என்றால் வரும். பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருந்தால் அது இருக்கைக் கட்டணம், மெனு அட்டையின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். ‘செர்விட்ஸியோ’ என்று இருந்தால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. டிப்ஸ் கட்டாயமில்லை, மனமிருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வாருங்கள்.