முதல் பழைய வாட்ச் வாங்குவது எப்படி: முதலில் டயலைப் பாருங்கள்

1972-ல் சுவிஸ் கம்பெனியான ஓடமார் பிகேயின் ராயல் ஓக் வாட்ச் 39 மி.மீ. அகலத்தில் வந்தபோது அதை 'ஜம்போ' என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது அவ்வளவு பெரிது. பிறகு 44 மி.மீ. பனெராய் வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்த காலமும் வந்தது. இப்போது காற்று திரும்பிவிட்டது. ரோலெக்ஸே 2010-ல் 39 மி.மீ. ஆக்கிய எக்ஸ்ப்ளோரர் வாட்சை 2021-ல் பழையபடி 36 மி.மீ.க்குக் கொண்டுவந்தது. அப்பாவின் பீரோவில் கிடக்கும் எச்எம்டி ஜனதாவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

சேகரிப்பவர்களின் ரசனையில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. வெயிலில் கறுப்பு வெளுத்துப் பழுப்பான டயலை முன்பெல்லாம் சர்வீஸில் கொடுத்துப் புதிதாக மாற்றிக்கொள்வார்கள். இன்று அந்தப் பழுப்புக்கே கூடுதல் விலை. 2017-ல் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அவர் கட்டியது என்பது பெரிய காரணம்தான். ஆனால் அதில் இருந்த அதே தனி வடிவ டயல் உள்ள மற்ற டேடோனாக்களும் சாதா டயல் டேடோனாவைவிடப் பல மடங்கு விலை போகின்றன. உள்ளே ஓடும் மெஷின் ஒன்றுதான், வித்தியாசம் டயலில்.

அதனால் லட்சங்களை இறக்குவதற்கு முன் சில ஆயிரங்களில் கண்ணைப் பழக்குங்கள். அதற்கு எச்எம்டி ஜனதாவை விடத் தோதானது இல்லை. ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961-ல் தொடங்கி, 2016-ல் மூட முடிவான வரை எச்எம்டி ஏராளமான வாட்ச்களைச் செய்தது. 17 ஜூவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கற்கள்), சாவி கொடுக்கும் எளிய மெஷின். செத்த வாட்சிலிருந்து பாகம் எடுத்துப் போடலாம். கடலூரிலோ புதுச்சேரியிலோ கொஞ்சம் வயதான ரிப்பேர்காரர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

படி 1: கையில் என்ன இருக்க வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், மி.மீ. அளக்க பிளாஸ்டிக் வெர்னியர். இந்த மூன்றும் போதும். மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளில், வாட்சின் மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரையிலான நீளம் அந்த அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், டயல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கையில் தட்டு வைத்த மாதிரிதான் இருக்கும்.

படி 2: டயலைப் படிப்பது

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் பழைய வாட்ச் கண்ணில் பட்டால் காலையிலேயே பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் கண்ணாடிக் கூச்சத்தில் எதுவும் தெரியாது. கடைக்காரர் "ஒரிஜினல் சார், ஓடுது பாருங்க" என்பார். ஓடுவதைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பாருங்கள்.

கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி வெட்டியதுபோல இருக்கும். திரும்ப அடித்த டயலில் மை ஓரத்தில் கசியும், எழுத்துகளின் இடைவெளி ஒன்றுபோல் இராது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவில் வந்து நிற்கின்றனவா என்று 12, 3, 6, 9 நான்கிலும் பாருங்கள். மறு அச்சு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால், முள்ளில் இருப்பதும் டயலில் இருப்பதும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். டயலில் மஞ்சள், முள்ளில் பளீர் வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று பிற்பாடு வந்தது.

கேஸ் (வாட்சின் வெளிக்கூடு) தேய்ந்து, சாவி வழுவழுவென்று ஆகி, டயல் மட்டும் நேற்று அடித்ததுபோல் ஆரஞ்சிலோ கிளிப்பச்சையிலோ மின்னினால் வைத்துவிட்டு நகருங்கள். சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. எச்எம்டி பைலட், ஃபேவர்-லூபா பெயர்களில் இவை நிறையச் சுற்றுகின்றன. பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: 1960-கள் வரையிலான ஒளிரும் டயல்களில் கதிர்வீசும் ரேடியம் இருக்கலாம். அதைச் சுரண்டக் கூடாது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும் கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் ஆபத்து.

படி 3: மெஷினைச் சோதிப்பது

சாவி கொடுக்கும் வாட்சில் சாவியைச் சுற்றினால் சீராக இறுகி ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது அது கொக்கியிலிருந்து விட்டிருக்கும். முள்ளைத் திருப்பும்போது கொஞ்சம் இறுக்கம் வேண்டும். கொழகொழவென்று திரும்பினால், டிக்டிக் சத்தம் ஒழுங்காக வந்தாலும் நிமிட முள் பின்தங்கும். சத்தத்தை நம்பி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது.

அடுத்து காதில் வைத்து டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று மூன்று நிலையிலும் கேளுங்கள். ஒரு நிலையில் மட்டும் சத்தம் மங்கினால் பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) ஊசிமுனை தேய்ந்திருக்கலாம். பிறகு பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தயங்கினால் விலை குறைய வேண்டும், இல்லை நீங்கள் கிளம்ப வேண்டும். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருப்பதும், சாவித் தண்டைச் சுற்றித் துரு பிடித்திருப்பதும் நல்ல அடையாளம் இல்லை.

படி 4: சர்வீஸ்

ஓடுகிறதே என்று அப்படியே கட்டிக்கொள்ளாதீர்கள். எண்ணெய் காய்ந்த வாட்சும் ஓடத்தான் செய்யும், ஆனால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்னும். பிரித்துக் கழுவி எண்ணெய் போடக் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: "டயலைத் தொட வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், மாத்தின பார்ட்ஸைத் திருப்பிக் குடுங்க." சொல்லாவிட்டால், நல்ல மனதோடு புத்தம் புதிதாக்கிக் கொடுத்துவிடுவார். தேய்த்த கேஸின் கூர் ஓரம் திரும்ப வராது.

சர்வீஸ் முடிந்ததும் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் போதும். திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பேலன்ஸ் வீலோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய கம்பியின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு இது. ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர் பக்கத்தில் வைத்தீர்களா என்று யோசியுங்கள். காந்தம் எடுக்கும் சிறு கருவியில் நொடியில் சரியாகிவிடும்.

படி 5: கடற்கரை ஊரில் வைத்துக்கொள்வது

ஜனதா போன்ற பித்தளைக் கேஸில் குரோம் முலாம் உரிந்த இடத்தில் வியர்வையும் உப்பும் சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். சாயங்காலம் கழற்றியதும் மெல்லிய துணியால் பின்மூடியையும் கொம்பின் உள்பக்கத்தையும் துடையுங்கள். தோல் ஸ்ட்ராப் இங்கே சித்திரை, வைகாசியைத் தாங்குவது கஷ்டம், 18 மி.மீ. நைலான் ஸ்ட்ராப்பே மேல். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் திறக்கக் கொடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் நனைக்கப் போகும்போது வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும், 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் சரி.

படி 6: ஒமேகா, ரோலெக்ஸ் பக்கம் போகும்போது

பார்க்க வேண்டியவை அதேதான், தப்பினால் வலிக்கும் தொகைதான் வேறு. கூடுதலாக ஒரு சோதனை. 1970-களின் பல சுவிஸ் டயல்களில் 6 மணிக்குக் கீழே 'T SWISS T' (டி ஸ்விஸ் டி) என்று இருக்கும். ஒளிர்வதற்கு டிரிட்டியம் என்ற கதிர்வீசும் பொருள் பூசியது என்று அர்த்தம். டிரிட்டியத்தின் சக்தி சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும், அதனால் இன்று அது ஏறக்குறைய செத்திருக்க வேண்டும். டார்ச்சை அரை நிமிடம் டயல்மேல் அடித்து, அணைத்துவிட்டு, கையைக் குவித்து இருட்டாக்கிச் சில நிமிடம் பாருங்கள். சில நொடி மினுங்கி அணைந்தால் சரி. பச்சையாக நின்று எரிந்தால் பூச்சோ டயலோ மாற்றப்பட்டது. கட்டிக்கொள்ள அது நல்ல வாட்சாகவே இருக்கலாம், ஒரிஜினல் டயலின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.